கலைச்சொல்: ‘கஸ்டம் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்’ – மடல்களுக்கு மறுமொழி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

‘கஸ்டம் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று நான் இட்ட கேள்விக்கு விரிவாக விடையெழுதிய எல்லாருக்கும் நன்றி. சிலர் இதை இராணுவச் சொல்லாக எடுத்துக்கொண்டு எழுதியிருப்பதால், கேள்வி எங்கிருந்து எழுந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தில்லியின் துக்ளகாபாத்தில், 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட டாக்டர் கர்ணி சிங் சுடுதளம் இருக்கிறது. தேசிய அணிக்கான தேர்வுகளுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து வரும் பெற்றோர் ஆர்.கே. புரத்திலோ மயூர் விஹாரிலோ உறவினர் வீட்டில் தங்கி, காலையில் சுடுதளத்துக்கு வந்து, அங்குள்ள தமிழர்களைத் தேடிப்பிடித்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “விலை உயர்ந்ததாக வாங்கினால் போதுமா, இல்லை, கஸ்டமாகச் செய்யச் சொல்ல வேண்டுமா?” அவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிவருகிறோம். அதில் வரும் சொற்கள் வாங்குபவரின் பணத்தோடு தொடர்புடையவை. சொல் மங்கலாக இருந்தால், அவர் என்ன வாங்குகிறார் என்பதும் மங்கலாகிவிடும்.

முதலில் ‘செமி ஆட்டோமேட்டிக்’.

> ‘அரைத் தானியங்கி’ என்பது செய்தித்தாள்களில் ஏற்கெனவே வழங்குகிறது. இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தேடுவானேன்?

ஐயா, வழக்கில் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் படிப்பவர் மனத்தில் ‘தானியங்கியில் பாதி’ என்ற எண்ணமே நிற்கும். எந்தப் பாதி என்பது தெரியாது. நம் நாட்டின் 1959 ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், விசையை அழுத்தினால் அழுத்தம் விலகும் வரையிலோ தோட்டாக்கூடு காலியாகும் வரையிலோ குண்டுகள் தொடர்ந்து வெளிவரும்படி அமைந்த துப்பாக்கியைத் தடைசெய்யப்பட்ட படைக்கலங்களின் வரிசையில் வைக்கிறது. அதுதான் தானியங்கி. போட்டிக்காரர் கையிலிருப்பது வேறு: ஓர் அழுத்தத்துக்கு ஒரே ஒரு குண்டுதான் போகும். விரலைத் தளர்த்தி மறுபடி அழுத்தாத வரை அடுத்தது போகாதபடி தடுக்க உள்ளே தனியாக ஓர் உறுப்பே வைத்திருக்கிறார்கள். சுடுவதில் எதுவும் தானாக நடப்பதில்லை. சுட்ட பிறகு நடப்பவைதான் தானாக நடக்கின்றன: வெடிப்பின் உந்துதலில் பின்னோக்கிப் போகும் பாகம் சுட்ட தோட்டாவின் வெற்று உறையை இழுத்து வெளியே எறிகிறது, குதிரையை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் உறுப்பை, மடக்கி வைக்கிறது, சுருள்வில்லின் விசையால் முன்னே வரும்போது தோட்டாக்கூட்டிலிருந்து அடுத்த தோட்டாவைக் குழலின் பின்முனையில் ஏற்றிவிடுகிறது.

ஆகவே ‘தன்னேற்றுக் கைத்துப்பாக்கி’ என்பது என் முன்மொழிவு. சென்னையிலிருந்து எழுதிய அம்மையார் ‘தன்னிரப்பு’ என்றார். ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே நிரப்புதல் வேறு, ஏற்றுதல் வேறு. தோட்டாக்கூட்டை நாம் கையால் நிரப்புகிறோம். குழலுக்குள் அதுவாக ஏற்றிக்கொள்கிறது. இந்த இரண்டையும் ஒரே வினையில் அடைத்தால், பாதுகாப்பு விதிகளைத் தமிழில் எழுதும்போது சிக்கல் வரும். தோட்டாக்கூட்டைக் கழற்றியாயிற்று, ஆகவே துப்பாக்கி காலி என்று நினைப்பதுதான் சுடுதளத்தில் புதியவர்கள் செய்யும் மிக ஆபத்தான தவறு. ஏற்றப்பட்ட ஒன்று குழலில் அப்படியே இருக்கும்.

ஆங்கிலமும் இந்த விஷயத்தில் ஒழுங்காக இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் வடிவமைத்த .32, .45 தோட்டாக்களின் (எண்கள் அங்குலத்தில் துளையளவைக் குறிப்பவை) பெயரில் ‘ஆட்டோமேட்டிக்’ என்ற சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது தானே ஏற்றிக்கொள்வதைத்தான் குறித்தது. யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘ரவை’, ‘ரவைக்கூடு’ ஆகியவை கச்சிதமான சொற்களே. ஆனால் எங்கள் கையேட்டைப் படிப்பவர்கள் தஞ்சாவூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வருகிறவர்கள். ரவை என்றால் அவர்களுக்கு உப்புமாதான் நினைவுக்கு வரும். தோட்டா, தோட்டாக்கூடு என்றே வைத்துக்கொள்கிறோம்.

இனி ‘கஸ்டம்’. விவாதம் உண்மையில் இங்கேதான் தேவைப்படுகிறது.

> மென்பொருள்களில் ‘தனிப்பயன்’ என்று நிலைத்துவிட்டதே, அதையே இங்கும் வைக்கலாம்.

திரையில் எழுத்துருவை மாற்றுவதற்கு அது போதும். இங்கே போதாது என்பதற்குக் காரணம், துப்பாக்கி விற்பவர்கள் ‘கஸ்டம்’ என்ற ஒரே சொல்லின்கீழ் மூன்று வெவ்வேறு செயல்களை விற்கிறார்கள் என்பதுதான். வாங்குபவர் தமக்கு வேண்டியது எது என்று பிரித்துக் கேட்கத் தெரியாவிட்டால், வேண்டாத ஒன்றுக்குப் பெரும்பணம் கொடுத்துவிடுவார்.

முதலாவது, பட்டியலிலிருந்து தேர்ந்து சொல்வது. குறிகாட்டி (குறிபார்க்க உதவும் உறுப்பு) இப்படி, பூச்சு இந்த நிறம், பிடியின் மரம் இது என்று வாங்குபவர் சொல்ல, தொழிற்சாலை அதன்படி கோத்துக் கொடுக்கும். நகைக்கடையில் ‘சொல்லிச் செய்தது’ என்கிறோமே, அதே பேச்சு இங்கும் பொருந்தும். இதற்குத் தனிக் கலைச்சொல் தேவையில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாவது, சுடுபவரின் கைக்கு ஏற்றபடி அமைப்பது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 இல் மனு பாக்கர் நான்காம் இடம் பெற்ற 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் பயன்படும் .22 துப்பாக்கிகளை எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் பார்தினி, ஜெர்மனியின் வால்தர், சுவிட்சர்லாந்தின் மொரினி என்று எதை வாங்கினாலும், உலோகப் பாகங்கள் எல்லாருக்கும் ஒன்றே, மாறுவது பிடி. சிறிது, நடுத்தரம், பெரிது என்று வாதுமை மரப் பிடி வரும். உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தாங்கும் பலகையை ஏற்றி இறக்கலாம். அது போதாதவர்களுக்காக, கையின் அளவை வாங்கிப் பிடி செய்து தருபவர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள். துக்ளகாபாத்தில் நான் பார்த்த முறை இன்னும் எளிமையானது. பயிற்சியாளர் பிடியில் மரப்புட்டியை அப்பி, பிள்ளையைப் பிடிக்கச் சொல்லி, அது காய்ந்ததும் கட்டைவிரல் மேட்டுக்குக் கீழே உறுத்தும் இடத்தை முரட்டு அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுப்பார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டச் சொல்வார். திறந்து பார்க்கும்போது முன் குறிகாட்டி பின் குறிகாட்டியின் வெட்டுக்கு நடுவே தானாக வந்து நிற்கவில்லையென்றால் மறுபடியும் அரத்தை எடுப்பார். இதற்கு எல்லையும் உண்டு. பிடி மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. துப்பாக்கி முழுதும் 300 × 150 × 50 மில்லிமீட்டர்ப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை 1400 கிராமைத் தாண்டக் கூடாது. இதை ‘கைக்கிசைத்தல்’ எனலாம். அப்படி அமைந்தது ‘கைக்கிசைந்த பிடி’.

மூன்றாவதுதான் அமெரிக்கப் பட்டியல்களில் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கும் ‘கஸ்டம்’. அதைப் புரிந்துகொள்ள 1911 ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அவ்வாண்டு மார்ச் 29 அன்று அமெரிக்க இராணுவம் பிரௌனிங்கின் .45 துப்பாக்கியை ஏற்றது. இராணுவத்துக்கு வேண்டியிருந்தது, சேற்றிலும் மணலிலும் ஓடக்கூடியதும், ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் போட்டாலும் வேலை செய்யக்கூடியதுமான துப்பாக்கி. இரண்டாம் உலகப்போரில் தையல் இயந்திரம் செய்யும் சிங்கர் நிறுவனம்கூட அதில் 500 செய்து கொடுத்தது. பாகங்கள் மாற்றிப் போடத்தக்கவையாக இருக்க வேண்டுமென்றால் இடைவெளி விட்டாக வேண்டும். இடைவெளி விட்டால் ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் குழல் ஒரு மயிரிழை விலகி வந்து நிற்கும். அந்த மயிரிழை இலக்குத் தாளில் விரலகலமாகத் தெரியும். இலக்குப் போட்டிக்காரர்கள் இதைப் பொறுக்காமல் துப்பாக்கிக் கொல்லர்களிடம் போனார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய வில்சன் காம்பட், எட் பிரௌன், லெஸ் பேயர், நைட்ஹாக் போன்ற பட்டறைகள். அவர்கள் பாகங்களை வேண்டுமென்றே சற்றுப் பெரிதாக வாங்கி, சட்டகத்தின் தண்டவாளமும் அதன்மேல் ஓடும் ஸ்லைடும் (சுட்டதும் பின்னோக்கிப் போவதாக மேலே சொன்ன பாகம்) பட்டுப்போல் நகரும்வரை தேய்த்து, குழலை ஸ்லைடோடு பூட்டும் பற்களை அரத்தாலும் கல்லாலும் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் அதனதன் இணைக்கு மட்டும் பொருந்தும்படி செய்கிறார்கள். நைட்ஹாக்கில் ஒரு துப்பாக்கியைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே கொல்லர்தான் செய்கிறார். அதையே அவர்கள் விளம்பரமாகவும் சொல்கிறார்கள்.

இந்தச் செயலுக்குத் தமிழில் ‘இழைத்துப் பொருத்துதல்’ என்று சொல்லலாம் என நினைக்கிறேன்.

> ‘இழைத்த துப்பாக்கி’ என்றால் குற்றம் இழைத்த துப்பாக்கி என்று படித்துவிடப் போகிறார்கள்!

சிரித்தேன், ஆனாலும் விடை சொல்ல வேண்டிய கேள்விதான். ‘பொருத்திய’ என்பது உடன் வரும்போது அந்தக் குழப்பம் எழாது. ‘அராவிப் பொருத்திய’ என்று மதுரை நண்பர் தந்ததையும் எண்ணிப் பார்த்தேன். அராவுதல் அரத்தின் வேலையோடு நின்றுவிடுகிறது. தச்சர் பலகையை இழைக்கிறார். சந்தனத்தைக் கல்லில் இழைக்கிறோம். இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று தேய்த்து ஒன்றுக்கொன்று இணங்குவதும் அந்த வினைக்குள் அடங்குகிறது. ஸ்லைடுக்கும் சட்டகத்துக்கும் நடுவே தேய்ப்புப் பசையிட்டு முன்னும் பின்னும் ஓட்டுவது அதுவேதான்.

சொல்லை இப்படிப் பிரித்தால் பெற்றோருக்கு என்ன பயன் என்று ஒருவர் கேட்டிருந்தார். இழைத்துப் பொருத்திய துப்பாக்கியில் ஒரு பாகம் ஒடிந்தால், உதிரிப் பாகத்தை வாங்கி அப்படியே போட முடியாது. செய்த பட்டறைக்கோ அதற்கு நிகரான கொல்லரிடமோ போயாக வேண்டும். படைக்கல உரிமத்தோடும் இறக்குமதி விதிகளோடும் வாழும் நம் ஊர்ப் போட்டிக்காரருக்கு அது ஏறக்குறைய ஒரு பருவத்தையே இழப்பது போலத்தான். போதாக்குறைக்கு, அந்த அமெரிக்கப் பட்டறைகள் பெயர்பெற்ற .45, 9 மி.மீ. துளையளவுகள் இங்கே சாதாரண உரிமத்துக்குக் கிடைப்பவை அல்ல. சாதாரண உரிமக்காரருக்கு வாய்ப்பவை .22, .32 போன்றவைதான். மாறாக, .22 போட்டித் துப்பாக்கிகளை இன்றைய கணினி இயந்திரங்கள் மிக நுட்பமாக வெட்டித் தருவதால், பாகங்கள் மாற்றத்தக்கவையாக இருந்துகொண்டே இறுக்கமாகவும் பொருந்துகின்றன. உயர்தரம் என்பதும் கையால் இழைத்தது என்பதும் இன்று ஒன்றல்ல. ‘கஸ்டம்’ என்ற ஒற்றைச் சொல் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. பிள்ளைக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் கைக்கிசைந்த பிடி. விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்படுவதோ இழைத்துப் பொருத்தியதற்கு. இதைத் தமிழில் இரண்டு சொல்லாக எழுதிவிட்டால் பாதி ஆலோசனை சொன்னதாகிவிடும்.

விசை பற்றிய சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ட்ரிகர்’ என்பதற்கு விசை என்பதே இருக்கட்டும். ‘குதிரை’ என்ற பழைய சொல்லைச் சிலர் விசைக்கும் சொல்கிறார்கள்; அதை மடங்கி அடிக்கும் உறுப்புக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். விசை விடுபடத் தேவைப்படும் எடைக்கு ‘விசைப்பளு’. 25 மீட்டர்ப் போட்டியில் அது 1000 கிராமுக்குக் குறையக் கூடாது. போட்டிக்கு முன்பு குழலை மேல்நோக்கி நிறுத்தி, விசையில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டு, மெல்லத் தரையிலிருந்து தூக்கிப் பார்ப்பார்கள். குதிரை விழுந்துவிட்டால் அந்தத் துப்பாக்கியோடு களத்தில் இறங்க முடியாது. லண்டன் ஒலிம்பிக்கில் 2012 இல் விஜய்குமார் வெள்ளி வென்ற விரைவுப் போட்டியில் கடைசிச் சுற்றுகளில் நான்கு நொடிக்குள் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். பளு எப்போதும் ஒரே இடத்தில் விடுபடுகிறதா என்பதே அங்கே முக்கியம். ‘விடுபுள்ளி’ என்று அந்த இடத்தைக் குறிக்கலாமா? ‘முறிவு’ என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடைந்துபோன பொருளின் சாயல் தெரிகிறது.

ஆக, கையேட்டில் தன்னேற்றுக் கைத்துப்பாக்கி, கைக்கிசைந்த பிடி, இழைத்துப் பொருத்தியது, விசைப்பளு ஆகியவற்றை இந்த வாரமே சேர்க்க எண்ணுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் வழக்கிலுள்ள ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பக்கத்தில் தருவோம். ‘விடுபுள்ளி’ உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறது. பெங்களூரில் தொழிற்சாலைப் பகுதியான பீன்யாவில் பணிபுரியும் நண்பர் ஓர் உதவி செய்ய வேண்டும்: அங்குள்ள தமிழ் ஃபிட்டர்கள், இரண்டு உலோகப் பரப்புகளைத் தேய்ப்புப் பசையிட்டுத் தேய்த்துப் பொருத்துவதை ‘லேப்பிங்’ என்றுதான் சொல்கிறார்களா, அல்லது பழைய ஆட்கள் வேறு சொல் எதையாவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் ஒரு சொல் இருந்தால், ‘இழைத்து’ என்பதை எடுத்துவிட்டு அதையே வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

அன்புடன்,
தில்லியிலிருந்து