மேல்தாடை முறிவு: மாத்திரை போதுமா, பிளேட் வேண்டுமா?

கேள்வி (கோத்தகிரி): பைக் விபத்து. சி.டி.யில் லெ ஃபோர்ட் 1 முறிவு (பற்களுக்கு மேலே மேல்தாடை குறுக்காக உடைவது). கடித்தால் முன்பல் சேரவில்லை. வீக்கம் வடிந்ததும் ஆபரேஷன் என்கிறார்கள். மாத்திரையிலேயே ஆறாதா?

பதில் 1: எலும்பு நகராமல், கடி (மேல், கீழ்ப் பற்கள் பொருந்துவது) சரியாக இருந்தால்தான் கஞ்சியும் ஓய்வும் போதும். இங்கே மேல்தாடையின் பின்பகுதி கீழே இறங்கி, கடைவாய்ப்பல் முதலில் முட்டுகிறது; அதை மாத்திரை ஏற்றிவிடாது. முதலில் மேல், கீழ்ப் பற்களைக் கம்பியால் சேர்த்துக் கடியைச் சரிசெய்வார்கள். பிறகு மேலுதட்டின் உட்புறம் கீறி, மூக்கோரத்திலும் கன்ன எலும்புக்கு அடியிலும் இருபக்கமும் டைட்டானியம் பிளேட். கடி பார்க்காமல் ஸ்க்ரூ முடுக்கினால் கோணல் நிலைத்துவிடும். வீக்கத்துக்காக ஒரு வாரம் பொறுக்கலாம். இரண்டு வாரம் தாண்டினால் எலும்பு கோணலாகவே ஒட்ட ஆரம்பிக்கும்.

பதில் 2: முறிவு சைனஸுக்குள் போவதால் டாக்டர் தரும் ஆன்டிபயாடிக்கை நடுவில் நிறுத்தாதீங்க. 0.2% குளோர்ஹெக்சிடின் (கிருமி கொல்லும் வாய் கொப்பளிப்பு மருந்து) 10 மி.லி., காலை இரவு கொப்பளிக்கணும். மூக்கு சிந்தவே கூடாது, காற்று கன்னத்துக்குள் புகுந்து உப்பும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மணும். மலைக்குளிரில் மூக்கு ஒழுகுவது சகஜம்தான். ஆனா குனிந்தால் தெளிநீராகச் சொட்டினால் மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். அன்றைக்கே காட்டுங்க.

பதில் 3: பல்லைக் கம்பியால் கட்டி அனுப்பினால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வளைவுகளில் வாந்தி வரலாம். வாய் திறக்காவிட்டால் மூச்சுக்குழலுக்குள் போகும். கம்பி வெட்டும் கட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்; எந்தக் கம்பியை வெட்டணும்னு டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே கேட்டு வைங்க. கம்பிக்குப் பதில் ரப்பர் பேண்டு போட்டிருந்தால் கத்தரிக்கோல் போதும்.