புயல் ஓய்ஞ்சிருச்சு, ஏசியை இப்ப போடலாமா?

வடகடலோரம் (தங்கச்சிமடம்):
எங்க வீடு தங்கச்சிமடத்துல வடகடல் பக்கம். கரைக்கும் வீட்டுக்கும் நடுவுல நாலு தென்னைதான். பாம்பன்ல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தினப்பவே மாடியில கிடந்த சாமானையெல்லாம் இறக்கிட்டோம், ஏசி அவுட்டோரை எங்க இறக்குறது? ராத்திரி பூரா வாடை அடிச்சதுல கடல் சாரல் மொட்டை மாடி வரைக்கும் வந்து விழுந்துச்சு. விடிஞ்சு பார்த்தா அவுட்டோர் மேல ஒரு தென்னை மட்டை சாய்ஞ்சு கிடக்கு. பின்பக்கம் அந்தச் சன்னத் தகடெல்லாம் ஒரு கை அகலத்துக்கு மடங்கிருச்சு. ஸ்டாண்டு ஆடலை.

ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி. ஸ்டெபிலைசர் உள்ளதான் இருக்கு, நனையலை. நேத்து சாயங்காலம் கரண்டு வந்துச்சு. ஆனா ஃபேன் திடீர்னு வேகமா சுத்துது, அப்புறம் இழுத்து இழுத்து சுத்துது. டியூப்லைட்டும் அப்படித்தான். தெரிஞ்ச மெக்கானிக்குக்கு போன் போட்டா, வந்து பார்க்காமலேயே "கேஸ் போயிருக்கும், ஃபில் பண்ணிரலாம்"னு சொல்றாரு.

அப்பா பக்கவாதத்துல படுக்கையா இருக்காரு. புழுக்கத்துல முதுகு புண்ணாயிரக் கூடாதுன்னுதான் இந்த ஏசியையே வாங்கினோம். இன்னைக்கே போட்டுப் பார்க்கலாமா அண்ணே?

மண்டபம் ஏசி மெக்கானிக்:
தம்பி, போடாதீங்க. ஏசிக்குன்னு தனியா இருக்கிற எம்சிபி சுவிட்சை (கரண்டை வெட்டுற பிரேக்கர்) முதல்ல இறக்கிருங்க. ரிமோட்ல ஆஃப் பண்ணினா மட்டும் பத்தாது, உள்ள இருக்கிற போர்டுக்குக் கரண்டு போய்க்கிட்டேதான் இருக்கும்.

நீங்க எழுதினதுல எனக்குப் பெரிய பயம், வீட்டு ஃபேன் அப்படிச் சுத்துறதுலதான். புயல்ல நியூட்ரல் கம்பி (கரண்டு திரும்பிப் போற கம்பி) அறுந்தோ லூசாவோ இருந்தா 230 வோல்ட் வர வேண்டிய இடத்துல 300க்கு மேலயும் ஏறும். ரெண்டு ஃபேஸ் கம்பிக்கு நடுவுல 415 வோல்ட் இருக்கு, அது பக்கம் வரைக்கும் கூட ஏறிரும். ஸ்டெபிலைசர் ஓரளவுதான் தாங்கும். இன்வெர்ட்டர் ஏசியில பிசிபி (எலக்ட்ரானிக் போர்டு) போச்சுன்னா செலவு பெருசு. 2020 டிசம்பர்ல புரெவி புயல் இந்தப் பக்கமே நகராம நின்னுச்சுல்ல, அப்ப நான் பார்த்த வீடுகள்ல காத்து உடைச்ச ஏசியை விட, கரண்டு வந்த சந்தோஷத்துல உடனே போட்டுப் புகைஞ்ச ஏசிதான் அதிகம். அதனால சப்ளை சரியாகுற வரைக்கும் பொறுங்க.

அடுத்தது உப்பு. இதை யாரும் கண்டுக்கிறதே இல்ல. அவுட்டோர்ல செம்புக் குழாய் மேல அலுமினியத் தகடு கோர்த்திருக்கும். ரெண்டு உலோகமும் ஒட்டி இருக்கிற இடத்துல உப்புத் தண்ணி நின்னா அலுமினியத்தை அரிச்சுரும். கொஞ்ச நாள்ல வெள்ளையா பூத்து, விரலால தொட்டா சாம்பல் மாதிரி உதிரும். அதுக்கப்புறம் அந்தக் குழாயும் தகடும் சேர்ந்த காயிலையே மாத்துறதைத் தவிர வழி இல்ல. எம்சிபி கீழ இருக்கும்போதே, நல்ல தண்ணியை ஹோஸ்ல வேகமில்லாம பாய விட்டு, தகட்டுப் பக்கத்தை நல்லா கழுவுங்க. உப்பு போர் தண்ணி வேண்டாம். வயர் போற மூடிப் பக்கம் தண்ணி அடிக்காதீங்க, அந்த மூடியைத் திறக்கவும் செய்யாதீங்க. கரண்டை நிறுத்தின பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், ஆளையே தூக்கிப் போடும். அடித்தட்டு ஓட்டையில மணல் அடைச்சிருந்தா குச்சியால எடுத்து விடுங்க. மடங்கின தகட்டை நிமிர்த்த சீப்பு இருக்கு, அதை மெக்கானிக் பார்த்துக்கட்டும்.

கேஸ் விஷயம். ஏசி கேஸ் ஓடி ஓடித் தீர்ற சரக்கு இல்ல, ஓட்டை இருந்தாதான் போகும். கேஸோட ஆயிலும் சேர்ந்து சுத்துறதால, கசியிற இடத்துல பிசுபிசுன்னு கறை பிடிச்சு மண் ஒட்டியிருக்கும். செம்புக் குழாய் வந்து சேர்ற ரெண்டு நட்டுப் பக்கமும் பாருங்க. கறை இருந்தா சோப்பு நுரை வச்சு ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைச்சுட்டுத்தான் கேஸ் போடணும். பார்க்காமலே கேஸ்னு சொல்றவரை நம்பாதீங்க. உங்க ஏசி ஆர்32ஆ இருந்தா இன்னும் கவனம், அது தீப்பிடிக்கிற கேஸ்.

ஓய்வுபெற்ற லைன்மேன்:
மெக்கானிக் தம்பி சொன்னது ரொம்பச் சரி. ஃபேன் அப்படிச் சுத்தினா மெயினையே இறக்கி வையுங்க, டிவி ஃப்ரிட்ஜும் சேர்ந்து போயிரும். போஸ்ட்ல இருந்து வீட்டுக்கு வர்ற சர்வீஸ் வயரை நீங்க தொடவே கூடாது. ஈபி ஆபீஸ்ல சொல்லுங்க, இல்லன்னா மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987ல புகார் பதியுங்க. "கரண்டு இல்ல"ன்னு சொல்லாம "நியூட்ரல் பிரச்சினை, வோல்டேஜ் ஏறுது"ன்னு சொல்லுங்க. அப்பத்தான் முன்னாடி வருவாங்க. எர்த் கம்பியும் அறுந்திருக்கான்னு ஒரு பார்வை பாருங்க.

கீழக்கரை நர்ஸ்:
தம்பி, அப்பாவை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைங்க. வேர்வைத் துணியை உடனே மாத்துங்க, குதிகாலையும் இடுப்பெலும்பையும் தினம் பாருங்க, சிவப்பு தட்டினா அந்தப் பக்கம் படுக்க விடாதீங்க. ஏசி வர்ற வரைக்கும் பனை ஓலை விசிறி போதும்.

இன்னொண்ணு, மட்டையை எடுக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தீங்களா? வீட்டுக் கடன் இருந்தா பேங்க்ல இன்சூரன்ஸ் போட்டிருப்பாங்க. 2021 ஏப்ரல்ல வந்த பாரத் கிரஹ ரக்ஷா பாலிசியா இருந்தா வீட்டுச் சாமானுக்கும் சேர்த்துப் புயல் பாதுகாப்பு உண்டு. ரிப்பேர் பண்ணிட்டுச் சொன்னா கஷ்டம், முதல்லயே தகவல் சொல்லிருங்க.

வடகடலோரம் (தங்கச்சிமடம்):
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பக்கத்து வீட்டு அண்ணன் மீட்டர் வச்சுப் பார்த்தப்போ 285 காட்டுச்சு! மெயினை இறக்கிட்டு மின்னகத்துல சொன்னோம். மத்தியானம் வந்து போஸ்ட்ல நியூட்ரல் ஜாயின்டை மாத்திட்டாங்க, இப்ப 232ல நிக்குது. போட்டோ எடுத்துட்டுத்தான் மட்டையைத் தூக்கினோம். கழுவினப்ப அடித்தட்டுல இருந்து ஒரு கை மணல் வந்துச்சு. நட்டுப் பக்கம் ஆயில் கறை எதுவும் இல்ல. ஆனா கிரில் கம்பிக்குள்ள குச்சியை விட்டு அவுட்டோர் ஃபேனைத் தள்ளிப் பார்த்தேன், ஒரு இடத்துல கரகரன்னு உரசுது. போட்டுரலாமா?

மண்டபம் ஏசி மெக்கானிக்:
வேண்டாம் தம்பி. மட்டை விழுந்ததுல முன் கிரில் உள்வாங்கியிருக்கும், இல்லன்னா மோட்டார் பிராக்கெட் வளைஞ்சிருக்கும். அப்படியே ஓட்டினா றெக்கை உடைஞ்சு காயில்ல குத்திரும், அப்புறம் நிஜமாவே கேஸ் போயிரும். நாளைக்குக் காலையில பாம்பன்ல ஒரு வேலை இருக்கு, முடிச்சுட்டு அங்க வந்துர்றேன். இன்பாக்ஸ்ல வீட்டு அடையாளம் அனுப்புங்க. அதுவரைக்கும் எம்சிபி கீழயே இருக்கட்டும்.