தாத்தா துப்பாக்கிக்கு எந்தக் கூடு?

பாலு: பெரியப்பா, தாத்தாவின் பழைய பாரடாக்ஸ் துப்பாக்கிக்குக் குண்டு வைத்துத் தோட்டா நிறைக்க வெற்றுக் கூடு வந்துவிட்டது. 12 போர் (குழலின் அகல அளவு), 70 மி.மீ. பிளாஸ்டிக். இதே அளவில் ரவை (சிறு ஈய மணிகள்) நிறைத்த தோட்டா ஒன்றைப் போட்டுப் பார்த்து எடுத்துவிட்டேன். அழகாக இறங்குகிறது.

பெரியப்பா: அதுதான் ஏமாற்றும். வாய் மடித்த தோட்டா 60 மி.மீ. பக்கம்தான் இருக்கும், போய் உட்கார்ந்துவிடும். 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். தாத்தாவுடையதில் தோட்டா உட்காரும் அறை 2½ அங்குலம். அதற்கு முன்னால் குழல் குறுகும் இடத்தில் வாய் விரிய இடமில்லாமல் அடைக்கும், அழுத்தம் எகிறும்.

நான்: 2½ அங்குலம் 63.5 தானே? 65 என்கிறார்களே?

பெரியப்பா: வழக்கத்தில் 65. கணக்கு வாத்தியார் வேலையை இங்கே காட்டாதே 😄

அத்தை: பித்தளைக் கூடு ஆகாதா அண்ணா? பலமுறை நிறைக்கலாமே.

பெரியப்பா: மேக்டெக் கம்பெனிப் பித்தளை நீளத்தில் சரி. ஆனால் சுவர் மெல்லியது, உள்வாய் அகலம். ரவைக்கு 11 அல்லது 10 போர் வாட் (அடைப்பு வட்டு; போர் எண் குறைந்தால் அகலம் கூடும்) வைத்துச் சமாளிக்கலாம். 12 போர் ஒற்றைக் குண்டு உள்ளே லொடலொடவென்று ஆடும், வாயை மடித்துப் பிடிக்கவும் வழியில்லை. கடைந்தெடுத்த தடித்த பித்தளை என்றால் வேறு கதை.

நான்: ரவைத் துப்பாக்கியில் குண்டு எப்படி நேராகப் போகிறது?

பெரியப்பா: குழலின் வாயில் விரலை விட்டுப் பார். கடைசி 2 அங்குலம் போல மட்டும் குண்டைச் சுழற்றிவிடும் முறுக்கு வரி இருக்கும், மற்றதெல்லாம் வழவழப்பு. ஃபாஸ்பெரி என்ற ராணுவ அதிகாரி 1885இல் காப்புரிமை வாங்கிய யோசனை. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற துப்பாக்கிக் கம்பெனி அதற்குப் பாரடாக்ஸ் என்று பெயர் வைத்தது. விரலை விடுமுன் துப்பாக்கியைத் திறந்து காலி என்று பார்த்துக்கொள்!

பாலு: அப்போ இந்த 70ஐ வெட்டிவிடலாமா?

பெரியப்பா: வெட்டலாம். முதலில் டார்ச் அடித்து உட்புறம் பார்.

பாலு: இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் சுவர் கீழே போகப் போகத் தடிக்கிறது. இன்னொன்று அடிவரை நேராக இருக்கிறது.

பெரியப்பா: நேரானதை எடு. தடிப்பதில் குண்டை இறக்கினால் கூடு வெளியே புடைக்கும், அறைக்குள் போகாது. வாயை நட்சத்திரமாக மடிக்காமல் உருட்டி மடிக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் துப்பாக்கி மிஸ்திரியிடம் கேஜ் வைத்து அறையை அளந்துவிடு, புரூஃப் முத்திரையையும் (அழுத்தம் தாங்குமா என்று சோதித்துக் குத்திய அடையாளம்) பார்க்கச் சொல். வெடிமருந்து அளவு அவர் பாடு, நீ கை வைக்காதே.

அத்தை: அலமாரியில் அப்பாவின் காகிதத் தோட்டா ஒரு பெட்டி இருக்கிறதே?

பெரியப்பா: ஈரத்தில் ஊதியிருக்கும், பாதி இறங்காது. இறங்கினாலும் சுடக்கூடாது.

அத்தை: தூக்கிப் போடட்டுமா?

பெரியப்பா: குப்பையில் போடாதே! தோட்டாக்களை முறைப்படி நான் ஒப்படைக்கிறேன். பெட்டி மட்டும் எனக்கு.