புதுப்பிப்பு: கேஈ70 பின்னச்சு, டிஃப் மாத்தியாச்சு

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. 4ஏ-ஜிஈ எஞ்சின் ஏத்தின என்ர கேஈ70 கொரோலாவில பழைய டிஃப் (எஞ்சின் விசையை ரெண்டு பின்சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்கிற டிஃபரென்ஷல்) உறுமுது, என்ன போடலாம் எண்டு கேட்டிருந்தன்.

டிஃப்பை வெல்ட் பண்ணி ரெண்டு பின்சில்லையும் ஒண்டாச் சுத்தவைக்கிற யோசனையை விட்டிட்டன்; யாழ்ப்பாணத்து ஒழுங்கை முடக்குகளில உள்சில்லு இழுபடும், தினம் ஓடுற காருக்கு அது சரிவராது. இன்னொரு கொரோலாவான ஏஈ86 இன்ர 6.7 அங்குல டிஃப்பை அச்சோட முழுசாப் போடச் சொன்ன அண்ணையின்ர வழிதான் சரிவந்தது. கியர்பொக்ஸில இருந்து டிஃப்புக்குப் போற புரொப்பெல்லர் சாஃப்டின்ர பிளான்ஜ் (பொருத்துத் தட்டு) மட்டும் மாத்தினனாங்கள்.

உள்ளுக்க கிளட்ச் வகை எல்எஸ்டி (ஒரு சில்லு மட்டும் வழுக்கிச் சுத்தாமல் கட்டுப்படுத்துற டிஃப்). அதுக்குரிய ஒயிலையே விடுங்கோ: சாதாரண ஒயிலோட திரும்பேக்க கடகடவெண்டு சத்தம் வந்தது, மாத்தினதும் நிண்டிட்டுது.

எதிர்பாராதது ஒண்டு: டிஃப்பின்ர பல்லு விகிதம் 3.9 போய் 4.3 வந்ததால ஸ்பீடோமீட்டர் 10 வீதம் கூடக் காட்டுது. ஏ9 வீதியில மணிக்கு 80 கிலோமீட்டர் எண்டு காட்டேக்க உண்மையில 73 தான். கியர்பொக்ஸில இருக்கிற ஸ்பீடோ பல்லுச்சில்லை இனித்தான் மாத்தவேணும்.