மியூல் மான்களின் இணைசேரும் பருவம் எப்போது, எத்தனை நாள்?

கேள்வி:
அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மியூல் மான்களை (பெரிய காதுகள் கொண்ட வட அமெரிக்க மான் இனம்) நவம்பர் மாதத்தில் துப்பாக்கியால் வேட்டையாட முதன்முறையாக அனுமதி கிடைத்திருக்கிறது. இணைசேரும் பருவம் எப்போது உச்சத்தை எட்டும், எத்தனை நாள் நீடிக்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
நவம்பர் தொடக்கத்தில் ஆண் மான்கள் பெண் மான்களைத் தேடி அலையத் தொடங்கும். உச்சம் பெரும்பாலும் மாத நடுவிலிருந்து இறுதிவரை இருக்கும். குளிர்தான் இதைத் தூண்டுகிறது என்று பலர் நம்பினாலும், பகற்பொழுது குறைவதே உண்மையான காரணம் என்பதால், காலம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. பனி செய்வதெல்லாம் கூட்டத்தைத் தாழ்வான சரிவுகளுக்கு இறக்கி நம் கண்ணில் படவைப்பதுதான்.

பதில் 2:
ஒரு பெண் மான் இணைய இசையும் நேரம் ஏறக்குறைய ஒரு நாள்தான். அப்போது சினையாகாவிட்டால் மூன்று, நான்கு வாரங்களில் மீண்டும் பருவத்துக்கு வரும் என்பதால் டிசம்பரிலும் சிறு சலசலப்பு உண்டு. சினைக்காலம் சுமார் 200 நாள். குட்டிகள் ஜூனில் பிறக்கும். ஆகவே பெண் மான் கூட்டத்தை விடாமல் கவனியுங்கள். கழுத்துப் புடைத்த ஆண் மான் ஒன்று தலையைத் தாழ்த்திப் பின்தொடர்ந்து, சிறுநீரை முகர்ந்து மேலுதட்டைச் சுருட்டினால், அது அங்கிருந்து எளிதில் நகராது.

பதில் 3:
இந்தக் கணக்கைத் தெற்கு அரிசோனாவுக்குப் பொருத்திவிடாதீர்கள். அங்குள்ள பாலைவன மான்கள் டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும்தான் இணைகின்றன. குட்டிகள் கோடை மழையில் தழை துளிர்க்கும் காலத்தை ஒட்டிப் பிறக்கின்றன.