நீல அட்டை போட்ட விதைநெல் முளைக்கும் என்பது அறிவா, நம்பிக்கையா?

கொள்ளிடக்கரை:
சம்பாவுக்கு விதை வாங்கும் நேரம். சான்று விதை மூட்டையின் நீல அட்டையில் குறைந்தது 80 சதவீத முளைப்புத்திறன் என்று இருக்கும். அதைப் பார்த்து "முளைக்கும், தெரியும்" என்கிறோம். தெரியாது என்கிறேன் நான். சோதனைக்கு எடுத்த 400 நெல்லின் கதை அங்கேயே முடிந்துவிட்டது. மூட்டையில் இருப்பது யாரும் சோதிக்காத நெல். அது போலத்தான் இதுவும் என்று ஏன் எண்ணுகிறோம்? இதுவரை அப்படி இருந்ததால். பழையதை வைத்துப் புதியதை நம்பலாம் என்பதற்கும் பழையதே சாட்சி. 18-ஆம் நூற்றாண்டில் தத்துவவாதி டேவிட் ஹியூம் காட்டிய வட்டம் இது.

பாய்நாற்றங்கால்:
அண்ணே, துளி ஐயமும் இல்லாததுதான் அறிவு என்று வரப்பு போட்டால் உள்ளே எதுவும் நிற்காது. முளைப்புச் சோதனை என்பது நூறு நூறாக நான்கு தொகுதி, 25 டிகிரி, 14 நாள். நூற்றுக்கு 85 முளைத்தால், உண்மை அளவு ஏறக்குறைய 81.5-க்கும் 88.5-க்கும் நடுவே. நூறு நெல் மட்டும் வைத்தால் 78 முதல் 92 வரை விரியும். எந்த நெல் முளைக்கும் என்று தெரியாதுதான். நூற்றுக்கு எத்தனை என்பது தெரியும், எவ்வளவு பிசகலாம் என்பதும் தெரியும்.

கொள்ளிடக்கரை:
மாதிரி ஒழுங்காக எடுத்திருந்தால்தானே அந்தக் கணக்கு செல்லும்? மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கும் குத்தூசியை மேல் அடுக்கில் மட்டும் போட்டிருந்தால்? ஐப்பசி மழையில் தரையோடு கிடக்கும் மூட்டை ஈரம் இழுத்து 13 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டிவிடும். அட்டையில் அதே எண்தான் இருக்கும்.

அரசலாறு:
இன்னொரு சிக்கலும் உண்டு. வேறு குவியலின் அட்டையைத் தவறுதலாகத் தைத்துவிட்டார்கள், ஆனால் உள்ளே இருந்த விதையும் நல்லதாகவே அமைந்தது என்று வையுங்கள். நம்பினோம், காரணம் இருந்தது, உண்மையாகவும் ஆனது. ஆனாலும் அது அறிவு இல்லை, அதிர்ஷ்டம். 1963-இல் தத்துவவாதி எட்மண்ட் கெட்டியர் எழுப்பிய கேள்வி இந்த வகைதான். பதரைப் பிரிக்க, முட்டை மிதக்கும் உப்புக்கரைசலில் நெல்லைப் போடுவதும் யோசிக்க வேண்டியது. மூழ்கிய நெல் கனமானது என்றுதான் அது காட்டும், உயிருள்ளது என்று காட்டாது.

பாய்நாற்றங்கால்:
அதனால்தான் அட்டையோடு நிற்கக் கூடாது. மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து, 100 நெல் எண்ணுங்கள். திரட்சியானதாகப் பொறுக்கினால் சோதனை கெட்டது. ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள், துணி காயக் கூடாது, தண்ணீரும் தேங்கக் கூடாது. வேரும் குருத்தும் இரண்டும் நலமாக வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். உண்மையில் 80 உள்ள விதை 72-க்குக் கீழே காட்டுவது அரிது. 60 வந்தால் அந்த மூட்டையைத் தொடாதீர்கள். ஏக்கருக்குக் கூடுதலாக விதைத்தால் எண்ணிக்கை ஈடாகலாம், நாற்றின் வீரியம் ஈடாகாது.

கொள்ளிடக்கரை:
அப்படியானால் பாதி ஒப்புக்கொள்கிறேன். "முளைக்கும்" என்று அறிய முடியாது, "முளைக்காது" என்று அறியலாம்.

பாய்நாற்றங்கால்:
அதுவும் நிற்காது அண்ணே. அறுவடை முடிந்த புதிதில் சில ரகங்கள் விதை உறக்கத்தில் இருக்கும். உயிர் உண்டு, முளைக்காது. 50 டிகிரி உலர் சூட்டில் சில நாள் வைத்துவிட்டு மறுபடி சோதித்தால் எண் ஏறும். அவசரம் என்றால் கருவை நெடுக்காக வெட்டி டெட்ராசோலியம் என்ற வேதிப்பொருளின் கரைசலில் ஊறவைப்பார்கள், உயிருள்ள திசு சிவக்கும்.

கொள்ளிடக்கரை:
சிவப்பு உயிரின் அடையாளம் என்று எப்படித் தெரிந்தது? முளைப்புச் சோதனையோடு ஒப்பிட்டுத்தானே?

அரசலாறு:
ஆமாம், ஆனால் இரண்டு சோதனையும் தவறும் விதம் வேறு. சாயம் திசு சுவாசிப்பதைக் காட்டுகிறது, ஈரத்துணிச் சோதனை வளர்ச்சியைக் காட்டுகிறது. உறக்கம் துணியை ஏமாற்றும், சாயத்தை ஏமாற்றாது. ஒரே தவறு இரண்டையும் ஒருசேரக் கெடுத்திருக்கும் என்றால், அந்தத் தவறு எது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.