பதில்: காலர் ஐடி, ஆன்சரிங் மெஷின் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு,

காலர் ஐடிக்கு, அதாவது கூப்பிடுகிறவரின் எண்ணைப் போனில் காட்டும் வசதிக்கு, இங்கே சொல்லப்பட்ட 'அழைப்பெண்காட்டி' இலக்கணப்படி சரிதான். ஆனால் சேர்த்து எழுதியதும் நடுவில் ஒரு பெண் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் யாராவது கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், என்ன முறைப்பு கிடைக்கிறதென்று. 'அழைப்பாளர் அடையாளம்' அதைவிடப் பொருந்தாது. நம் லேண்ட்லைனில் வந்து சேர்வது எண் மட்டும்தான். திரையில் பேர் தெரிந்தால் அது நாமே போனில் பதிந்து வைத்த பேர்.

நான் சொல்வது இரண்டு சொல். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அனுப்புவது 'எண்குறிப்பு'. அதைப் படித்துத் திரையில் போடும் கருவி 'எண்காட்டி'. வழிகாட்டி, திசைகாட்டி வரிசையில் தானாக வந்து நின்றுகொள்ளும். இரண்டு எதற்கு என்பது பழுது பார்க்கும்போதுதான் தெரியும். "காலர் ஐடி போச்சு" என்று புகார் கொடுத்தால் லைன்மேனுக்கு ஒன்றும் விளங்காது. எண்குறிப்பே வரவில்லையா, வந்தும் எண்காட்டி படிக்கவில்லையா? முந்தையது அவர் பாடு, பிந்தையது நம் பாடு.

எண்குறிப்பு வரும் விதமும் ஒன்றல்ல. தொனியின் அதிர்வெண்ணை மாற்றி மாற்றித் தகவல் அனுப்பும் எஃப்எஸ்கே (FSK) முறையில் அது பெரும்பாலும் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையில் வரும். முதல் மணியிலேயே பாய்ந்து ரிசீவரை எடுத்தால் எண் தெரியாது, அதைப் பழுதென்று சொல்லக் கூடாது. டிடிஎம்எஃப் (DTMF) முறையில் மணி அடிக்கும் முன்பே வந்துவிடும், பொத்தானை அமுக்கும்போது கேட்குமே, அதே இரட்டைத் தொனியில். எக்ஸ்சேஞ்ச் ஒன்றை அனுப்ப, கருவிக்கு மற்றது மட்டும் தெரிந்தால் திரை காலியாகவே கிடக்கும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் போன்களில் இது சகஜம். அவை பெரும்பாலும் எஃப்எஸ்கே மட்டுமே படிக்கும். இந்த இரண்டு பெயரையும் தமிழாக்க வேண்டாம் என்பது என் கட்சி. போனின் அடியிலோ மெனுவிலோ அந்த எழுத்துகள்தான் இருக்கும், அவற்றைத்தானே ஆள் தேட வேண்டும்?

அப்புறம் நம் குமரிப் பக்கத்துக்கே உரிய வில்லங்கம். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று. போதாததற்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. செம்பு இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். பேச்சு கரகரத்தாலும் காது சமாளித்துக்கொள்ளும், எண்காட்டி சமாளிக்காது. எக்ஸ்டென்ஷன் போன்களை எல்லாம் கழற்றிவிட்டு, வயர் வீட்டுக்குள் நுழையும் ரோசெட் பெட்டியில் ஒரே ஒரு போனை மாட்டிப் பாருங்கள். எண் தெரிந்தால் கோளாறு வீட்டு வயரிலோ கழற்றிய போன்களிலோதான். அதே செம்பு லைனில் பிராட்பேண்டும் இருந்தால், பேச்சையும் இன்டர்நெட்டையும் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இல்லாமல் போனை மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஃபைபருக்கு மாறியவர்களுக்கு இந்தக் களிம்புக் கதை இல்லை. அங்கே மணியையும் எண்குறிப்பையும் உண்டாக்குவது வீட்டுக்குள் இருக்கும் மோடம் பெட்டி.

> ஆன்சரிங் மெஷினுக்கு 'குரல்பதிவி' போதாதா?

போதாது அண்ணே. குரல்பதிவி என்றால் நிருபர் கையில் இருப்பது. இதுவோ ஆளில்லாத வீட்டில் தானே போனை எடுத்து, நாம் பேசி வைத்ததைச் சொல்லி, எதிர்முனைக்காரர் சொல்வதை வாங்கி வைக்கிறது. ஒலிவாங்கி இருக்கிறதே, அதைப்போல 'சேதிவாங்கி' என்று வைக்கலாம்.

> சேதி பேச்சுவழக்கு ஆயிற்றே, 'செய்திவாங்கி' என்றால் என்ன?

பேப்பர் வாங்கப் போகிறவர் என்று நினைப்பார்கள். "சேதி எதுவும் உண்டா?" என்றுதானே வீட்டில் கேட்கிறோம்.

சேதிவாங்கி வைத்திருப்பவர்களின் பெரிய புலம்பல்: போட்டுக் கேட்டால் சேதி இல்லை, வெறும் 'பீப் பீப்'. எதிர்முனைக்காரர் வைத்த பிறகு எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் எங்கேஜ் தொனி அது. லைனில் மின்னோட்டம் ஒரு கணம் அறுந்தால்தான் சில கருவிகளுக்குப் பேச்சு முடிந்தது புரியும். அது அறாவிட்டால் தொனியையும் சேதியென்று பதிந்துகொண்டே போகும். ஒரு சேதிக்கான நேரத்தை அமைப்பில் குறைத்து வைத்தால் இடம் மிஞ்சும்.

'டோல் சேவர்' பாக்கி. அந்த வசதி உள்ள கருவி புதுச் சேதி இருந்தால் இரண்டு மணியில் எடுக்கும், இல்லாவிட்டால் நாலு மணி வரை காத்திருக்கும். தன் வீட்டுக்குச் சேதி வந்திருக்கிறதா என்று வெளியூரிலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பவர் மூன்றாம் மணி கேட்டதும் வைத்துவிடலாம், அழைப்புக் கட்டணம் விழாது. இதற்குக் 'காசுமிச்சம்' என்றே பேர் வைத்துவிடலாமா என்று குழித்துறை நண்பர் கேட்டிருந்தார். எனக்கு மறுப்பில்லை, மற்றவர்கள் சொல்லுங்கள்.